உட்கார்ந்தபடியே தெருவைப் படமெடுக்க: நாள்பட்ட நோயோடு இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தெருப் புகைப்படம் என்றாலே, தோளில் கேமராவோடு நாளெல்லாம் அலைகிற ஓர் ஆள்தான் பலருக்கு நினைவில் வருவார். முடக்குவாதம், லூபஸ், சர்க்கரை, ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு, விடாத களைப்பு என்று ஏதாவது ஒன்றோடு வருடக்கணக்கில் வாழ்பவர்கள் அதனாலேயே இது நமக்கு ஒத்துவராது என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்க வேண்டாம். தெரு தானாகவே நகர்ந்துகொண்டிருக்கிறது. சரியான இடத்தில் உட்கார்ந்து காத்திருக்கத் தெரிந்தால் படம் உங்களைத் தேடி வரும். அலைந்து எடுப்பவருக்கு வாய்க்காத படங்கள்கூட, ஒரே இடத்தில் அரை மணி நேரம் அசையாமல் இருப்பவருக்குக் கிடைக்கின்றன.

கையில் இருக்கும் செல்போன் போதும். உதாரணங்கள் பெரும்பாலும் சென்னை, மதுரை, புதுச்சேரியைச் சேர்ந்தவை. உங்கள் ஊர்க் கடைத்தெருவுக்கும் பொருந்தும். மருந்து, சாப்பாடு, நடை பற்றி உங்கள் மருத்துவர் சொன்னதும் இங்கே எழுதியிருப்பதும் முரண்பட்டால் மருத்துவர் சொல்வதையே கேளுங்கள்.

முதலில் நேரக் கணக்கு

முதல் தடவை, வாசலைத் தாண்டுவதிலிருந்து திரும்பி வந்து நாற்காலியில் உட்காரும்வரை மொத்தம் 40 நிமிடம் ஒதுக்குங்கள். அதில் படமெடுப்பது 20 நிமிடம். போக 10, வர 10. வழி அதற்கு மேல் இழுத்தால் வேறு இடம் பாருங்கள், நேரத்தை நீட்டாதீர்கள். ஆட்டோவில் போய் ஆட்டோவில் திரும்புவதில் எந்தக் குறைவும் இல்லை. நடந்து தீர்க்கிற தெம்பைப் பார்ப்பதற்கு மிச்சம் பிடிக்கிறீர்கள், அவ்வளவுதான்.

புதியவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் திரும்பும் வழியில். போகும்போது ஆர்வமே தூக்கிக்கொண்டு போகும். வெளிச்சம் நன்றாக இருக்கும், ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள், வலி மறந்துபோகும். வலி மறந்தது என்பதற்கு உடம்பு சரியாகிவிட்டது என்று பொருளில்லை. ஆகவே போனில் அலாரம் வையுங்கள். அது அடித்ததும், இன்னும் தெம்பு இருந்தாலும் எழுந்துவிடுங்கள். தெம்பு தீர்ந்த பிறகு எழுந்தால் வீடு சேருவதற்கான பங்கு ஏற்கெனவே செலவாகியிருக்கும்.

அன்றைக்கு நன்றாக இருந்தது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யவும் முடியாது. நீடித்த களைப்பு நோயிலும், கோவிட்டுக்குப் பிறகு சிலருக்கு விடாமல் தொடரும் களைப்பிலும், உழைப்பின் விளைவு உடனே தெரியாது. பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்துத்தான் ஆளைச் சாய்க்கும். அதனால் ஒரு சின்ன நோட்டில் மூன்றே விஷயம் எழுதுங்கள்: எத்தனை நிமிடம் வெளியே இருந்தீர்கள், அன்றிரவு எப்படி இருந்தது, அடுத்த இரண்டு நாளும் எப்படி இருந்தது. அந்த இரண்டு நாள் முடியாமல் அடுத்த தடவை போகாதீர்கள். தொடர்ந்து நான்கு தடவை போய்வந்தும் தொந்தரவு இல்லையென்றால் 5 நிமிடம் கூட்டலாம். தொந்தரவு வந்தால் பாதியாகக் குறையுங்கள். நீடித்த களைப்பு நோய் உள்ளவர்கள் மட்டும், நன்றாகப் போகிறதே என்று வாராவாரம் கூட்டிக்கொண்டு போகக்கூடாது. உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் முறையை பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021-இல் இந்த நோய்க்கான பரிந்துரையிலிருந்து நீக்கியது. 20 நிமிடம்தான் உங்கள் அளவென்றால் அந்த 20 நிமிடத்துக்குள்ளேயே ஆண்டு முழுவதும் படமெடுக்கலாம்.

எந்த நேரம் போவது என்பதை நோயும் வெளிச்சமும் சேர்ந்து தீர்மானிக்கும். காலை 6 முதல் 8 மணி, மாலை 4.30 முதல் 6 மணி: சாய்ந்த வெயில், நீண்ட நிழல், முகத்தில் மென்மை. காலை 10 முதல் மாலை 4 வரை வெயில் தலைக்கு மேலிருந்து இறங்கி, கண்குழிகளைக் கறுப்பாக்கிவிடும். லூபஸ்காரர்களும் வெயில் ஒத்துக்கொள்ளாத மாத்திரை சாப்பிடுபவர்களும் தவிர்க்கவேண்டிய நேரமும் அதேதான்; அவர்கள் படத்தில் எதையும் இழப்பதில்லை. முடக்குவாதத்தில் காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கலாம், விரல் மடங்காது. அவர்கள் காலை வெளிச்சத்தை எண்ணி ஏங்காமல் மாலையை எடுத்துக்கொள்ளட்டும்.

சென்னைப் பக்கத்தில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் தொடங்குவதற்கு ஏற்ற காலம். மார்கழிக் காலையில் கோலம் போடுபவர்கள், பனிக்குல்லாய் போட்ட பெரியவர்கள், பால் பூத் வரிசை என்று தெருவே தயாராக இருக்கும். மே மாதத்துக் கத்திரி வெயிலில் வெளியே போவதை மறந்துவிடுங்கள். அந்த நாட்களுக்கு வேறு வழி இருக்கிறது, பின்னால் வருகிறது.

இடம் பார்ப்பது

அழகான இடமா என்பதைக் கடைசியில் பாருங்கள். உட்கார என்ன இருக்கிறது? நிழல் எத்தனை மணிவரை நிற்கும்? பக்கத்தில் கழிப்பறை உண்டா? கூப்பிட்டால் ஆட்டோ உடனே வருமா? நான்குக்கும் நல்ல பதில் இருந்தால்தான் அந்த இடம். கழிப்பறையை எழுதக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள்; நீர் மாத்திரை சாப்பிடுபவருக்கும் குடல் நோய் உள்ளவருக்கும் வெளியே போகலாமா கூடாதா என்பதையே அதுதான் முடிவு செய்கிறது. பக்கத்தில் ஒரு சிற்றுண்டி ஹோட்டல் இருந்தால் நல்லது. ஒரு காப்பி குடித்தால் கழிப்பறையும் கிடைக்கும், மின்விசிறியும் கிடைக்கும்.

இடம் பார்ப்பதற்கென்று தனியாக ஒரு நாள் அலைய வேண்டாம். கூகுள் மேப்பின் ஸ்ட்ரீட் வியூ 2022-இலிருந்து சென்னை உள்ளிட்ட நகரங்களுக்குக் கிடைக்கிறது. படுத்தபடியே தெருவின் இரு பக்கமும் பார்த்து, திண்ணை எங்கே, மரம் எங்கே, நடைபாதை உடைந்திருக்கிறதா என்று குறித்துக்கொள்ளலாம். மருந்துக் கடைக்கோ பரிசோதனைக்கோ எப்படியும் போகிற வழியில் ஒரு கண் வைத்துவிட்டு வாருங்கள்.

ஆட்கள் தாமாகவே நின்று நிதானிக்கிற இடங்கள் உங்களுக்கு ஏற்றவை. டீக்கடை, பேருந்து நிறுத்தம், பூக்கடை, இளநீர் வண்டி, இஸ்திரி வண்டி. வேகமாக ஆள் கடக்கிற சிக்னல் முனை தொடங்குபவர்களுக்குச் சரிப்படாது. புகையும் அங்கேதான் அதிகம்.

தியாகராய நகர் பாண்டி பஜாரில் 2019-இல் திறந்த நடைபாதை வளாகம் அகலமானது, சமதளமானது, இருக்கைகள் உண்டு. வார நாளில் மாலை 4.30 வாக்கில் போங்கள். சனி ஞாயிறும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களும் வேண்டாம். மயிலாப்பூர் மாட வீதிகளில் பொது இருக்கை குறைவு. ஆனால் காலை 7 முதல் 8.30 வரை பல கடைகள் திறந்திருக்காது, மூடிய கடையின் படியே இருக்கையாகிவிடும். பூவும் காய்கறியும் தெருவோரம் பரப்பி வைத்திருப்பார்கள், கோயிலுக்கு வருபவர்கள் அவசரமில்லாமல் நடப்பார்கள். மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிகளில் வாகனம் இல்லை, கல் பாவிய சமதளம். அங்கே காவலர்கள் எப்போதும் இருப்பார்கள். பெரிய கேமராவைப் பார்த்தால் விசாரிக்கக்கூடும், போன் என்றால் சிக்கல் குறைவு. கோயிலுக்குள்ளே படமெடுக்கும் எண்ணமே வேண்டாம். தமிழகக் கோயில்களில் செல்போனைத் தடைசெய்யும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வாகனங்கள் விடுவதில்லை. காலையில் கடல் பக்கமிருந்து சூரியன் எழுவதால் நடப்பவர்கள் நிழலுருவாகத் தெரிவார்கள். வடிவங்களைப் பார்த்துப் பழக அதைவிட எளிய இடம் கிடையாது.

திருவிழாக் கூட்டம் எல்லோரையும் இழுக்கும். அறுபத்து மூவர் விழா அன்று மயிலாப்பூர் மாட வீதியில் நெரிசலில் நிற்பது நோயாளிக்கு ஆபத்து. நினைத்த நேரத்தில் வெளியேறவே முடியாது. விழா நாட்கள் தொடங்குவதற்கு முன்பே ஒரு நாள் போங்கள். பந்தல் கட்டுவார்கள், தேரைத் துடைப்பார்கள், தண்ணீர்ப் பந்தலுக்குப் பானை இறங்கும். எல்லோரும் எடுக்கிற படத்தைவிட அதில் சொல்ல நிறைய இருக்கிறது, உட்காரவும் இடம் இருக்கும்.

நடக்கவே முடியாத நாளில் பேருந்தின் ஜன்னலோர இருக்கையும் ஓர் இடம்தான். கூட்டமில்லாத மதிய முடிவில் ஏறி, நிறுத்தங்களில் வண்டி நிற்கும்போது மட்டும் எடுங்கள். ஓடும்போது கையையும் போனையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டாதீர்கள்.

பையின் எடை

எல்லாம் சேர்த்து 1 கிலோவுக்குள் இருக்கட்டும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலே அரை கிலோ. செல்போன் 200 கிராம் சுற்றி. அப்புறம் மாத்திரை டப்பா, சின்னத் துண்டு, கொஞ்சம் சில்லறை. இதற்கு மேல் இடமில்லை. லென்ஸோடு சேர்ந்த சாதாரண டிஎஸ்எல்ஆர் கேமரா 700 கிராமைத் தொடும். அதை ஏற்கெனவே வைத்திருந்தால் தண்ணீரைப் போகிற இடத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தப் பொழுதுபோக்குக்காகப் புதுக் கேமரா வாங்குவதாக இருந்தால் மூன்று மாதம் போனில் எடுத்த பிறகு யோசியுங்கள்.

பையின் வாரைக் கழுத்தில் மாட்டாமல் குறுக்காக, ஒரு தோளிலிருந்து எதிர் இடுப்புக்கு வருமாறு போடுங்கள். கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவருக்குக் கழுத்து வார் ஒரே நாளில் வேலையைக் காட்டிவிடும். விரல் மூட்டில் வலி இருந்தால் போனின் முதுகில் ஒட்டுகிற வளையம் ஒன்று வாங்குங்கள். நடுவிரலை அதில் நுழைத்துவிட்டால் இறுக்கிப் பிடிக்க வேண்டியதே இல்லை. திரையில் இருக்கும் வட்டப் பொத்தானைத் தேடித் தட்டுவதைவிட, பக்கவாட்டில் ஒலியைக் கூட்டும் பொத்தானை அழுத்துவது மூட்டுக்கு இதமானது. ஏறக்குறைய எல்லாப் போனிலும் அதுவே ஷட்டராக வேலை செய்யும். கட்டைவிரல் அதற்கும் மடங்காதென்றால் சாவிக்கொத்து அளவிலான புளூடூத் ரிமோட் கிடைக்கிறது. போனை மடியில் நிறுத்தி, ரிமோட்டை மறு கையில் வைத்து அழுத்தலாம்.

இருக்கை இல்லாத இடத்துக்கு மடக்கு ஸ்டூல் எடுத்துப்போக ஆசை வரும். கவனமாக வாங்குங்கள். கடையில் கிடைக்கும் மூன்றுகால் ஸ்டூல் பலவும் முழங்கால் உயரத்துக்குக் கீழே இருக்கும். உட்கார்வது சுலபம், எழுவது வேதனை. இருக்கை தரையிலிருந்து 45 செ.மீ. சுற்றி இருக்கவேண்டும். கைத்தடியாகவும் விரித்தால் இருக்கையாகவும் ஆகிற வகை முழங்கால் வலிக்காரர்களுக்குப் பொருந்தும். வாங்கும்முன் கடையிலேயே மூன்று தடவை உட்கார்ந்து எழுந்து பாருங்கள்.

போனிலும் கேமராவிலும் செய்யவேண்டிய அமைப்பு

இதையெல்லாம் வீட்டிலேயே செய்து முடித்துவிட்டுக் கிளம்புங்கள். வெளியே உட்கார்ந்து மெனுவைத் துழாவினால் மூளையும் விரலும் அதிலேயே களைத்துப்போகும்.

போனில் முகத்தை மெருகேற்றும் அமைப்பை அணையுங்கள். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெயிட் முறை வேண்டாம்; தெருப்படத்தில் பின்னணியும் பாதிக் கதை. மாலையில் நைட் மோடு தானாக விழித்துக்கொள்ளும், அதையும் அணையுங்கள். அது பல நொடிகள் வெளிச்சம் சேர்ப்பதால் கட்டடம் கூர்மையாக வரும், நடப்பவர் புகையாகிவிடுவார். ஆண்ட்ராய்டு போன் என்றால் பவர் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் கேமரா திறக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள். மங்கலாக, பால் படிந்தாற்போல் வருகிற படங்களுக்குப் பெரும்பாலும் விரல் எண்ணெய்தான் காரணம்.

வெளிச்சத்துக்கு ஒரு பழக்கம் போதும். எந்த இடத்தில் ஆள் வருவாரோ அந்த இடத்தைத் திரையில் விரலால் அழுத்திப் பிடியுங்கள். ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பிறகு சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள். வெள்ளை வேட்டியும் வெயில் பட்ட சுவரும் வெளிறிப்போகாமல் இருக்கும். இருண்ட படத்தைப் பிறகு சரிசெய்யலாம், வெளிறியதில் மீட்க எதுவும் இருக்காது.

போனின் முதன்மை லென்ஸ் அகலமானது. 3 மீட்டர் தள்ளி நிற்கும் ஆள், படுக்கை வசத்தில் எடுத்தால் படத்தின் உயரத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் வருவார். 6 மீட்டர் போனால் எறும்பாகிவிடுவார். ‘எதிரே பார்த்தது ஒன்று, போனில் வந்தது ஒன்று’ என்று புதியவர்கள் குறைப்படுவது இதனால்தான். நடைபாதையிலிருந்து 2 முதல் 3 மீட்டருக்குள் உட்காருங்கள். அப்படியும் எட்டவில்லையென்றால் 2 மடங்குப் பெரிதாக்கல்வரை போகலாம்.

டிஎஸ்எல்ஆர் அல்லது மிரர்லெஸ் வைத்திருப்பவர்கள், கிட்டோடு வந்த 18-55 லென்ஸை 18 மி.மீ.யில் நிறுத்துங்கள். லென்ஸின் துளை (வெளிச்சம் நுழையும் வழியின் அளவு) எஃப் 8. சுமார் 2 மீட்டர் தூரத்தில் இருக்கும் ஒரு தூணில் ஆட்டோஃபோகஸ் செய்துவிட்டு, மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். ஏபிஎஸ்-சி அளவு சென்சார் (படம் பதியும் சில்லு) உள்ள கேமராவில் இனி ஏறக்குறைய 1 மீட்டரிலிருந்து தெருக்கோடிவரை ஏற்கத்தக்க கூர்மையில் இருக்கும். ஒவ்வொரு படத்துக்கும் ஃபோகஸ் தேட வேண்டாம், விரல் வேலை பாதியாகக் குறையும். ஜூம் வளையம் தெரியாமல் நகர்ந்தால் கணக்குக் கெடும், அதனால் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். ஷட்டர் வேகம் நடப்பவருக்கு 1/250 நொடி, சைக்கிளுக்கு 1/500. ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தை உணரும் திறனின் அளவு) தானியங்கியில் விட்டு, மேல் வரம்பு 3200 என்று வையுங்கள். விளக்கு வைத்த பிறகு எஃப் 8 தாங்காது. துளையை எவ்வளவு திறக்குமோ அவ்வளவு திறந்து, வேகத்தை 1/125-க்கு இறக்கி, கடை வெளிச்சம் படுகிறவர்களை மட்டும் எடுங்கள். கை நடுக்கம் உள்ளவர்கள் 1/500-க்குக் கீழே இறங்காதீர்கள். முழங்கை இரண்டையும் விலாவோடு ஒட்டி, முதுகைச் சுவரில் சாய்த்து, ஒரே அழுத்தத்தில் மூன்று நான்கு படங்கள் விழும்படி தொடர் முறையில் எடுங்கள். முதல் படம் அழுத்தும் அசைவில் கலங்கும், நடுவில் இருப்பது பெரும்பாலும் தப்பும்.

திரை சாய்கிற கேமரா என்றால் மடியில் வைத்துக் குனிந்து பார்த்தே எடுக்கலாம். தோளைத் தூக்கவேண்டாம். எதிரில் இருப்பவருக்கும் கேமரா முகத்துக்கு நேரே நீட்டப்படாததால் கூச்சம் குறையும்.

ஏசி அறையிலிருந்து நேராகச் சென்னைப் புழுக்கத்துக்கு வந்தால் லென்ஸில் ஆவி படியும். துடைக்கத் துடைக்கப் படியும். கேமராவை மூடிய பையிலேயே 15, 20 நிமிடம் விட்டுவிடுங்கள்.

உட்கார்ந்த பிறகு

முதல் 5 நிமிடம் எதையும் எடுக்காதீர்கள். மூச்சு நிதானப்படட்டும். டீக்கடை பெஞ்ச் என்றால் டீ சொல்லிவிட்டு, கடைக்காரரிடம் ஒரு வார்த்தை: “அண்ணே, கொஞ்ச நேரம் இங்க உக்காந்து ரெண்டு படம் எடுத்துக்கட்டுமா?” மறுக்கிறவர்கள் குறைவு. சர்க்கரைக்காரர்கள் டீயைச் சொல்லும்போதே சர்க்கரை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இப்போது ஆட்களை விட்டுவிட்டுப் பின்னணியைப் பாருங்கள். வெயில் ஒரு கோடாக விழுகிற சுவர், நீல வண்ணக் கதவு, பழைய சினிமாப் போஸ்டர், பாதி திறந்த கடை ஷட்டர்: ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதில் ஆள் இல்லாமலே ஒரு படம் எடுத்து, கோணல் இருக்கிறதா, மின்கம்பம் எங்கே நிற்கிறது என்று சோதியுங்கள். இதுதான் மேடை. இனி அதில் யார் ஏறுகிறார் என்று காத்திருப்பதுதான் வேலை. கண்ட திசையெல்லாம் திரும்பித் திரும்பி எடுத்தால் கழுத்தும் களைக்கும், படமும் அமையாது.

முதல் சில தடவை வருகிற தவறுகள் எல்லோருக்கும் ஒன்றே. எல்லாப் படத்திலும் முதுகாக இருந்தால், கூட்டம் போகிற திசையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறீர்கள். வருகிற திசையைப் பார்த்து உட்காருங்கள். தலையிலிருந்து கம்பம் முளைத்தாற்போல் வந்தால், அரை அடி நகர்ந்தால் தீரும். ஆள் படத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டால், நீங்கள் பார்த்த பிறகு அழுத்தியிருக்கிறீர்கள். அவர் வெளிச்சக் கோட்டைத் தொட ஓர் அடி இருக்கும்போதே அழுத்தவேண்டும். கண்ணை இடுக்காமலேயே முகங்கள் கறுத்துப்போனால் வெயில் அவர்களுக்குப் பின்னால் இருக்கிறது. அதை மாற்ற முடியாவிட்டால் முகத்தை விட்டுவிட்டு நிழலுருவத்தை எடுங்கள்.

உட்கார்ந்து எடுக்கும்போது உங்கள் கண், நிற்பவரின் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். குழந்தைகளும் தரையில் கடை விரித்தவர்களும் நேருக்கு நேர் கிடைப்பார்கள். நின்று எடுப்பவர்கள் இவர்களை எப்போதும் மேலிருந்தே பார்க்கிறார்கள். நிற்பவர்களை அருகில் எடுத்தால் தாடையும் மூக்குத் துவாரமும் தூக்கலாகத் தெரியும். அவர்கள் 3 மீட்டராவது தள்ளி இருக்கும்போது, போனைச் சாய்க்காமல் நேராகப் பிடித்து எடுங்கள்.

ஒரு தடவைக்கு 30 படம் போதும். எண்ணிக்கையை முன்பே வைத்துக்கொண்டால் கை அவசரப்படாது.

எடுக்கப்படுகிறவர்கள்

பொது இடத்தில் படமெடுப்பது குற்றமல்ல. ஆனாலும் விமான நிலையம், துறைமுகம், ராணுவ இடம், மெட்ரோ நிலையம் ஆகியவற்றில் எடுக்காதீர்கள். யாராவது கேட்டால் நிதானமாகப் பதில் சொல்லுங்கள்: “வெளிச்சம் நல்லா விழுந்துச்சுக்கா, அதான் எடுத்தேன். வேணாம்னா இப்பவே அழிச்சிடறேன்.” திரையைக் காட்டி, அவர் கண்முன்னே அழியுங்கள். போனில் அழித்த படம் குப்பைத்தொட்டியில் பல நாள் இருக்கும், அதிலிருந்தும் நீக்குங்கள். வாக்குவாதம் உடம்புக்கு ஆகாது. படத்தைவிட உங்கள் நாடித் துடிப்பு முக்கியம்.

தூங்குகிறவர், அழுகிறவர், பிச்சை கேட்பவர், தெருக்குழாயில் குளிப்பவர் வேண்டாம். மருத்துவமனை வாசலும் வேண்டாம். சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறவர்களின் முகத்தை யாராவது படமெடுத்தால் எப்படி இருக்கும் என்பது இதைப் படிப்பவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. குழந்தைகளின் முகம் தெளிவாக வந்தால் பெற்றோரைக் கேளுங்கள்.

நோய்க்கேற்பச் சில எச்சரிக்கைகள்

இன்சுலினோ சர்க்கரையைத் தடாலென்று இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் கிளம்பாதீர்கள். சட்டைப் பையில் 15 கிராம் குளுக்கோஸ் இருக்கட்டும். 3 தேக்கரண்டிச் சர்க்கரையும் ஏறக்குறைய அதே அளவுதான். படபடப்பு, வேர்வை, கை நடுக்கம் வந்தால் உடனே சாப்பிட்டு 15 நிமிடம் அசையாமல் இருங்கள், தீராவிட்டால் மறுபடி. காத்திருக்கும் ஆர்வத்தில் இந்த அறிகுறிகளை வெயிலின் வேலை என்று தள்ளிவிடுவது நடக்கிறது. கால் மரத்திருப்பவர்கள் கோயில் பக்கம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்தரையில் நடக்கவே கூடாது. சுட்டது தெரியாது, மாலையில் கொப்புளம்தான் தெரியும்.

டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா (ரத்தக் குழாய் இணைப்பு) வைத்த கையில் பையைத் தொங்கவிடாதீர்கள், கேமராவின் மணிக்கட்டு வாரையும் அந்தக் கையில் மாட்டாதீர்கள். அழுத்தம் விழுந்து ரத்த ஓட்டம் தடைபட்டால் ஃபிஸ்டுலா அடைத்துக்கொள்ளலாம். தெருவோர இளநீரும் சிறுநீரக நோயாளிக்கு ஆகாது. அதில் பொட்டாசியம் அதிகம். எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்ற உங்கள் அன்றாட அளவு வெளியே போகிற நாளுக்கும் பொருந்தும்.

லூபஸ் உள்ளவர்கள் நிழலில் உட்கார்ந்தாலும் வெள்ளைச் சுவரும் கடற்கரை மணலும் வெயிலைத் திருப்பி அடிக்கும். முழுக்கைச் சட்டை, அகல விளிம்புத் தொப்பி, எஸ்பிஎஃப் 50 களிம்பு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபூச்சு. ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் பத்திரம் என்றும் நினைக்கவேண்டாம். சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிரில் பி வகையைத்தான் பெரும்பாலும் தடுக்கும், ஏ வகையில் பெரும்பங்கு உள்ளே வந்துவிடும்.

ஆஸ்துமாக்காரரின் இன்ஹேலர் பையின் அடியில் இருந்தால் இல்லாததற்குச் சமம். மேல் பையில் இருக்கட்டும். மிளகாய் அரைக்கும் மில், வறுகடலை வண்டியின் புகை, போகிக் காலை ஆகியவற்றை விட்டு விலகுங்கள். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் நெரிசலில் முகக்கவசம் அணியுங்கள். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் தாழ்ந்த படியிலிருந்து சட்டென எழாதீர்கள். முதலில் நிமிர்ந்து உட்கார்ந்து பத்து எண்ணி, பிறகு சுவரைப் பிடித்து எழுங்கள்.

யாராக இருந்தாலும் கிளம்பும்போது வீட்டில் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் நேரடி இருப்பிடத்தை 1 மணி நேரத்துக்கு அனுப்பிவிடுங்கள். நோயின் பெயர், மருந்துகள், ஒரு தொலைபேசி எண் எழுதிய சீட்டு சட்டைப் பையில் இருக்கட்டும். நெஞ்சு அழுத்தம், பேச்சுக் குழறல், மூச்சுத் திணறல் என்றால் 108.

வெளியே போக முடியாத நாட்கள்

இவை பல நேரம் வெளியே போகிற நாட்களைவிட அதிகமாக இருக்கும். ஹங்கேரியில் பிறந்த ஆந்த்ரே கெர்த்தேஸ், நியூயார்க்கில் வாஷிங்டன் சதுக்கத்தைப் பார்த்த தன் 12-ஆம் மாடி வீட்டுக்கு 1952-இல் குடிபோனார். 1985-இல் இறக்கும்வரை அந்த ஜன்னலிலிருந்தும் பால்கனியிலிருந்தும் எடுத்துக்கொண்டே இருந்தார். பனியில் பதிந்த காலடித் தடங்களும் மரங்களுக்கிடையே போகிற ஒற்றை ஆளும் அவருக்குப் போதுமானவையாக இருந்தன. நம் தெருவில் அதைவிட நடமாட்டம் உண்டு: கீரைக்காரம்மா, சிலிண்டர் வண்டி, குப்பை வண்டி, பள்ளி ஆட்டோ, மழை பெய்தால் குடைகள்.

மாடியிலிருந்து எடுப்பதற்கு இரண்டு மடங்குப் பெரிதாக்கலும், காலை அல்லது மாலையின் நீண்ட நிழலும் வேண்டும். உச்சி வேளையில் மேலிருந்து பார்த்தால் வெறும் தலைகள்தான். மூடிய கண்ணாடி வழியே எடுத்தால் அறை விளக்கை அணைத்து, லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டவையுங்கள், பிரதிபலிப்பு போய்விடும். கொசுவலை அடித்த ஜன்னலைத் திறந்துதான் ஆகவேண்டும், வலை எல்லாவற்றையும் மங்கலாக்கும். ஜன்னல் கம்பிகளை மறைக்கப் பாடுபடாமல் படத்துக்குள்ளேயே சட்டமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். படுக்கையிலிருந்து எழவே முடியாத நாளில் கம்பி நிழல் சுவரில் நகர்வதை மணிக்கு ஒரு படமாக எடுத்தாலும் சரி. வெளிச்சத்தைப் படிக்கிற பயிற்சி அதில் முழுமையாக இருக்கிறது. எதிர்வீட்டின் உட்புறத்தை மட்டும் ஒருபோதும் எடுக்காதீர்கள். வீட்டிலிருந்து எடுத்த படங்களைப் பொதுவில் போடுவதாக இருந்தால் கேமரா அமைப்பில் இருப்பிடக் குறிப்பை முன்பே அணைத்துவிடுங்கள், உங்கள் முகவரி படத்தோடு போகும்.

திரும்பி வந்த பிறகு

முதலில் படுங்கள். படங்களை அன்றைக்கே பார்க்கவேண்டாம். களைத்த கண்ணுக்கு எல்லாம் மோசமாகத்தான் தெரியும். மறுநாள் 10 நிமிடம் ஒதுக்கி, 30-இலிருந்து 3 எடுங்கள். மற்றவற்றை ஒரு மாதம் வைத்திருந்து அழியுங்கள். தேதியைப் பெயராக வைத்து ஆல்பம் போட்டால் தேடும் வேலை குறையும். நினைவு மங்குகிற நாட்கள் உள்ளவர்கள் இடம், நேரம், எதற்காக எடுத்தோம் என்பதைக் குரல் பதிவாகச் சொல்லி வைக்கலாம். திருத்துவதற்கு இலவசச் செயலியான ஸ்னாப்ஸீட் போதும்: கோணலை நேராக்குங்கள், ஓரத்தை வெட்டுங்கள், நிழலைக் கொஞ்சம் தூக்குங்கள். ஒரு படத்துக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம், போனைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு திருத்துவது எடுப்பதைவிட அதிகமாக மணிக்கட்டை வலிக்கவைக்கும். தலையணை மேல் வைத்துச் செய்யுங்கள்.

அதே இடத்துக்கு அதே நேரத்தில் ஒரு மாதமாவது திரும்பத் திரும்பப் போங்கள். நிழல் எந்தச் சுவரில் எப்போது விழும், எந்தப் பேருந்து எத்தனை மணிக்கு வரும், பூக்காரம்மா எப்போது தண்ணீர் தெளிப்பார் என்று பழகிவிட்டால் 20 நிமிடமே தாராளமாக இருக்கும். மாதக் கடைசியில் நன்றாக வந்த ஒரு முகத்தை ஸ்டூடியோவில் 4×6 அளவில் அச்சுப் போட்டுக் கொண்டுபோங்கள். அந்த ஆள் அன்றைக்கு வரவில்லையென்றால் டீக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, அலாரம் அடிப்பதற்குள் ஆட்டோ பிடியுங்கள்.